சம்பந்தியை 'டேய்' போட்ட நாள்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்குப் பட்டப்பெயர் வைப்பது பிள்ளைகளின் பிறப்புரிமை. இவருக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஜாக்கிரதை மாமா'. கதவைத் திறந்தால் ஒரு ஜாக்கிரதை, படியேறினால் ஒரு ஜாக்கிரதை, ஜன்னலுக்கு வெளியே ஒரு விரல் நீண்டால் வண்டியே அதிரும்படி ஒரு ஜாக்கிரதை. அவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கூடை தொங்கும். வாந்தி எடுக்கும் பிள்ளைக்குப் பை, மழையில் நனைந்து ஏறும் பிள்ளைக்குத் துண்டு, விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்ட பிள்ளைக்கு மருந்தும் பஞ்சும், சும்மாவே அழும் பிள்ளைக்கு மிட்டாய் என்று அந்தக் கூடையில் எல்லாம் இருக்கும். ஊரில் உள்ள தாய்மார்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். வீட்டில்தான் கொண்டாட ஆளில்லை.

"முக்குக் கடையில ரொட்டி வாங்கிட்டு வாங்கன்னு சொன்னா, குடை, டார்ச், தண்ணி பாட்டில்னு தேசாந்திரம் போற மாதிரி கிளம்புறார்" என்று மனைவி யார் வந்தாலும் சொல்லிச் சிரிப்பாள்.

இந்தப் புத்தி அவருக்குப் பிறவியிலேயே வந்தது இல்லை. கல்யாணமான புதிதில் கையை வீசிக்கொண்டு திரிந்தவர்தான். அப்போது ஒருநாள் புது மனைவியை அருவி பார்க்கக் கூட்டிப்போனார். போகிற வழியில் பஸ் படுத்துவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை, துவட்டத் துணியில்லை, வாயில் போட ஒரு பிஸ்கட் இல்லை. அருவியையும் பார்க்கவில்லை. திரும்பி வந்த மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. பார்க்க வந்த மாமனார் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோபமே இல்லாமல், "ஏன் மாப்ளே, ஒரு துண்டு கூடவா எடுத்துட்டுப் போகலை?" என்று மட்டும் கேட்டார். மனைவி எழுந்து நடமாடியதும் அதை மறந்துவிட்டாள். மாமனாரும் மறந்துவிட்டார். இவர்தான் மறக்கவில்லை. அன்றிலிருந்து அவர் துண்டில்லாமல் வாசற்படி தாண்டியதில்லை.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த சம்பந்தியோ நேர் எதிர். மகளைக் கட்டிக்கொடுத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாப்பிள்ளையின் அப்பா மேஜை, நாற்காலி, கட்டில் விற்கும் பெரிய கடைக்கு முதலாளி. ஆளும் பெரிய ஆள், சிரிப்பும் பெரிய சிரிப்பு. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து, சோபாவில் சாய்ந்து, "என்ன சம்பந்தி, எப்படிப் போகுது பொழைப்பு?" என்று தொடையில் தட்டுவார். வேன்காரருக்கு அவர் முன்னால் உடம்பு தானாகச் சுருங்கிக்கொள்ளும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "ஆமாங்க சம்பந்தி", "சரிங்க சம்பந்தி" என்பதற்கு மேல் பேச வராது.

அந்தச் சம்பந்திதான் ஒருநாள் வந்து, "வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு குடும்பமும் தீவுக்குப் போறோம். காலையில போயிட்டு சாயந்திரம் வந்துடலாம். ஒண்ணும் எடுத்துட்டு வராதீங்க. கையை வீசிட்டு வாங்க, போதும்" என்றார்.

கையை வீசிட்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் வேன்காரருக்கு அந்த அருவிப் பயணம் ஞாபகம் வந்தது. ஆனாலும், "சரிங்க சம்பந்தி" என்றார்.

அன்று மாலையே மகளிடமிருந்து போன் வந்தது. "அப்பா, மாமா சொன்னாராமே? நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும். ஒரே ஒரு பை. அதுக்கு மேல எடுத்துட்டு வந்து, எங்க வீட்டு ஆளுங்க முன்னாடி மானத்தை வாங்கிடாதீங்க."

"ஒரே பைதான்மா. சத்தியமா."

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வேனை மர நிழலில் நிறுத்திக்கொண்டு, தீவுக்குப் படகு விடுகிற அம்மாவின் நம்பரை விசாரித்துப் பிடித்துப் பேசினார். கரையில் இறங்கப் படி இருக்கிறதா, தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டுமா? நிழல் இருக்குமா? குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா? திரும்புகிற படகைத் தவறவிட்டால் வேறு உண்டா? கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும்?

மறுமுனையில் எல்லாக் கேள்விக்கும் 'ம்' கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஏங்க, நீங்க தீவைப் பார்க்க வர்றீங்களா, இல்ல விலைக்குக் கேட்டு வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, அந்தம்மா சிரித்தபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். படி கிடையாது, முட்டியளவு தண்ணீரில் இறங்கித்தான் நடக்க வேண்டும். நிழல் கொஞ்சம்தான். கடைகண்ணி எதுவும் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் கடல் ஏற ஆரம்பிக்கும், அப்போது கரையை விட்டுத் தள்ளிப் போகக் கூடாது.

சனிக்கிழமை கட்டிலின் மேல் விரிப்பை விரித்துச் சாமான்களைப் பரப்பினார். வேனுக்குத் தார்ப்பாய் வாங்கியபோது வந்த நீல நிறக் கான்வாஸ் பை ஒன்று பரணில் கிடந்தது. அதை இறக்கித் தூசி தட்டினார். ஒரே பைதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் பத்து வயதுப் பிள்ளை தாராளமாகப் படுத்துத் தூங்கலாம்.

மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள். "அப்படியே என்னையும் மடிச்சு உள்ள வச்சுடுங்க. படகு டிக்கெட்டாவது மிச்சமாகும்."

"நீ சிரி. அங்க போயி தாகம் எடுக்கறப்ப யாரு சிரிக்கறான்னு பார்ப்போம்."

படகுத்துறையில் சம்பந்தி பஸ்ஸை விட்டு இறங்கிய கோலம்: கூலிங் கிளாஸ், பளபளவென்று தோல் செருப்பு, கையில் மடித்த செய்தித்தாள். அவ்வளவுதான். சம்பந்தியம்மா கையில் மட்டும் ஒரு சின்னக் கைப்பை. வேன்காரர் முதுகில் நீல மலையைச் சுமந்து வருவதைப் பார்த்ததும் மகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை ஓடி வந்து, "குடுங்க மாமா" என்று வாங்கப் பார்த்து, ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

படகுக்காரம்மா வெயிலில் காய்ந்த முகமும் கட்டைக் குரலுமாக வந்து பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "போன் பண்ணது நீங்கதானா? நெனச்சேன். இது ஏறணும்னா ஒரு ஆள் இறங்கணும். அங்க தண்ணியில நடக்கறப்ப இதை யாரு தலையில வைக்கறதா உத்தேசம்?"

சம்பந்தி கடகடவென்று சிரித்தார். வேறு வழியில்லை. படகுத்துறைப் பலகையிலேயே, அத்தனை பேர் பார்க்க, வேன்காரர் குத்தவைத்து உட்கார்ந்து பையைப் பிரித்தார். மடக்கு நாற்காலி வந்தது. ஃபிளாஸ்க் வந்தது. பெரிய குடை, டார்ச், கொசுவலை, ஒரு கனத்த போர்வை. மாப்பிள்ளை போர்வையைப் பார்த்து, "மாமா, இந்த வெயிலுக்கா?" என்று கேட்டார். வேன்காரர் போர்வையை மடித்து ஓரமாக வைத்தார்.

ஆனால் பிரித்து வைக்க வைக்க அவர் மனம் தெளிந்தது. பயத்துக்கு எடுத்து வைத்தது எது, தேவைக்கு எடுத்து வைத்தது எது என்று கை தானாகப் பிரித்தது. வெயிலுக்கு, வாய்க்கு, காலுக்கு, காயத்துக்கு, நனைந்தால் மாற்றிக்கொள்ள. இந்த ஐந்துக்கும் சேராத எல்லாம் ஒதுங்கியது. தண்ணீர் பாட்டில்கள், நாடா வைத்த தொப்பிகள், வெயிலுக்குப் பூசும் கிரீம், ஆளுக்கொரு முழுக்கைச் சட்டை, பழைய கான்வாஸ் ஷூக்கள், மருந்து டப்பா, உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம், ரொட்டி, அவித்த முட்டை, ஆரஞ்சு, விசில், துண்டுகள் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் போய், தோளில் மாட்டும் சின்னப் பை ஒன்றில் அடங்கின. அந்தச் சின்னப் பையும் பெரிய பைக்குள்ளிருந்துதான் வந்தது. படகுக்காரம்மா தலையை ஆட்டினார். "இப்ப சரி. மத்ததை டிக்கெட் கொடுக்கறவர்கிட்ட வச்சுட்டு வாங்க."

ஏறுவதற்கு முன்னால் எல்லாருக்கும் மிதவைச் சட்டை கொடுத்தார்கள். சம்பந்தி அதைச் சால்வை மாதிரி தோளில் போட்டுக்கொண்டார். வேன்காரருக்குக் கை அரித்தது. பிள்ளையாக இருந்தால் இழுத்து நிறுத்திக் கொக்கியை மாட்டியிருப்பார். சம்பந்தியை எப்படி இழுப்பது? சும்மா நின்ற மனைவியைப் பார்த்து, "கொக்கியெல்லாம் நல்லா மாட்டு! தோள்ல தொங்குனா தண்ணியில அது தனியா மிதக்கும், நாம தனியாப் போவோம்!" என்று சம்பந்தி காதில் விழும்படி கத்தினார்.

"நான் மாட்டித்தானே இருக்கேன்?" என்றாள் அவள், புரியாமல்.

"மாட்டாம படகு கிளம்பாது" என்று படகுக்காரம்மா சம்பந்தியைப் பார்த்து நேராகவே சொல்லிவிட்டார். கொக்கி மாட்டப்பட்டது.

கடல் கொஞ்சம் ஆட்டியது. பாதி வழியில் சம்பந்தியம்மாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. எத்தனையோ பிள்ளைகளின் முகம் வெளுப்பதை வண்டிக் கண்ணாடியில் பார்த்தவர் அல்லவா வேன்காரர்? கூச்சமெல்லாம் போன இடம் தெரியவில்லை. அந்தம்மாவை ஆட்டம் குறைந்த பின்பக்கத்தில் உட்காரவைத்து, "கீழ பார்க்காதீங்க, அந்தத் தூரத்துல வானமும் கடலும் ஒட்டற இடத்தையே பாருங்க" என்று சொல்லி, கையில் ஒரு பையையும் கொடுத்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பை பயன்பட்டது. பிறகு வாய் கொப்பளிக்கத் தண்ணீர், முகம் துடைக்கத் துண்டு, நாக்கில் போட ஒரு மிட்டாய்.

"அண்ணே, நீங்க மட்டும் இல்லேன்னா..." என்றார் அந்தம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அட, வேன்ல இது தினமும் நடக்கறதுதாங்க."

தீவு படத்தில் இருப்பது மாதிரியே இருந்தது. கண் கூசும் வெள்ளை மணல், கண்ணாடித் தண்ணீர், கரையோரம் சாய்ந்து நின்ற சில மரங்கள். ஆனால் படத்தில் மணலின் சூடு தெரியாது. சம்பந்தியின் தோல் செருப்பு தண்ணீரில் இறங்கியதுமே ஊறிப் பெருத்துவிட்டது. கழற்றினால் மணல் சுட்டது. கொஞ்ச நேரம் கொக்கு மாதிரிக் காலை மாற்றி மாற்றி நின்றார். வேன்காரர் பேசாமல் ஒரு ஜோடி ஷூவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். "எனக்கெதுக்கு?" என்றார் சம்பந்தி. சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் ஷூ அவர் காலில் இருந்தது. தொப்பிக்கும் அதே கதைதான். கிரீம் மட்டும் பூசவே மாட்டேன் என்றுவிட்டார்.

சாப்பிட்டார்கள், சிரித்தார்கள். வேன்காரர் நிமிஷத்துக்கொரு தரம் யாரிடமாவது பாட்டிலை நீட்டினார். பிறகு மகளும் மாப்பிள்ளையும் மீன் பார்க்க, படகு நின்ற பக்கத்துக்குப் போனார்கள். மனைவி மரத்தடியில் கண்ணயர்ந்தாள். கரைக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில், ஒரு பெரிய பாறை இருந்தது. பாறைக்கும் கரைக்கும் நடுவே மணல் திட்டு பாதை மாதிரி நீண்டு கிடந்தது. சம்பந்தி எழுந்து மணலைத் தட்டினார். "வா, அந்தப் பாறையில ஏறி ஒரு போட்டோ எடுக்கலாம்" என்று மனைவியை அழைத்தார்.

"சம்பந்தி, தண்ணி ஏறும்னு அந்தம்மா..." என்று வேன்காரர் இழுத்தார்.

"இதோ இருக்கு பாறை. போறதும் வர்றதும்தான்."

"சரிங்க சம்பந்தி" என்றது அவர் வாய். மனம் சரி என்று சொல்லவில்லை. தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். குச்சியின் அடி நனைந்தது. பிறகு குச்சி தண்ணீருக்குள் நின்றது. மணல் திட்டின் நடுவில் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் கை கோத்துக்கொண்டன. பாறையின் மேல் இருவரும் விதவிதமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து கையை ஆட்டினார். அவர்களும் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்கள். விசிலை எடுத்து ஊதினார். சம்பந்தி அதற்கு ஏற்றபடி இடுப்பை வளைத்து ஓர் ஆட்டம் போட்டுக் காட்டினார். வேன்காரர் பாலித்தீன் உறையிலிருந்த போனை எடுத்துப் படகுக்காரம்மாவைக் கூப்பிட்டார்.

"நீங்க தண்ணியில இறங்காதீங்க" என்றது கட்டைக் குரல். "அவங்களையும் பாறையை விட்டு இறங்க வேணாம்னு சொல்லுங்க. நடுவுல இழுப்பு இருக்கு. படகை எடுத்துட்டு இதோ வர்றேன்."

ஆனால் அதற்குள் சம்பந்திக்கு விஷயம் புரிந்துவிட்டது. தண்ணீரைப் பார்த்தார், கரையைப் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டுகிறவர் மாதிரி கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு பாறையிலிருந்து இறங்கினார். மிதவைச் சட்டைகள் எல்லாம் மரத்தடியில் கிடந்தன. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் நடந்தார். தொடைக்கு வந்தது. ஒரு பக்கமாக உடம்பு சாய்ந்து தள்ளாடியது. பின்னாலேயே சம்பந்தியம்மாவும் ஒரு காலை இறக்கினார்.

"சம்பந்தி, வேணாங்க! தயவு செஞ்சு அங்கேயே நில்லுங்க!" என்று வேன்காரர் கத்தினார். காற்று அந்த மரியாதையையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. சம்பந்தி இன்னும் ஓர் அடி வைத்தார்.

அப்போதுதான், ரோட்டின் குறுக்கே ஓடப்போகும் பிள்ளையைப் பார்த்தால் எழும்புமே, அந்தக் குரல் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.

"டேய்! நில்லுடா! அசைஞ்சே, காலை ஒடிச்சுடுவேன்! திரும்பி ஏறுடா பாறையில!"

மரத்தடியில் தூங்கிய மனைவி துள்ளி எழுந்து உட்கார்ந்தாள். சம்பந்தி, தூக்கிய காலை அப்படியே தண்ணீரில் வைத்தார். ஒரு நொடி நின்றார். பிறகு மந்திரித்து விட்டவர் மாதிரித் திரும்பி, தடுமாறித் தடுமாறி, பாறையைப் பிடித்து ஏறினார். சம்பந்தியம்மா காலை எப்போதோ உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். படகு வளைந்து வந்து பாறையருகே நின்று இருவரையும் ஏற்றிக்கொண்டபோது, மணல் திட்டு இருந்த இடமே தெரியவில்லை. தண்ணீர் ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன கூப்பிட்டீங்க அவரை?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"கேட்டுச்சா?"

"இந்தத் தீவுக்கே கேட்டுச்சு."

வேன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு. மகள் வாழ்கிற வீட்டுப் பெரிய மனிதரை, ஊர் பேர் தெரியாத பொறுக்கியைக் கூப்பிடுகிற மாதிரி! படகு கரை சேர்ந்தது. மகளும் மாப்பிள்ளையும் மறுபக்கத்திலிருந்து ஓடி வந்தார்கள். சம்பந்தி இறங்கி, யாரையும் பார்க்காமல், மணலில் தொப்பென்று உட்கார்ந்தார். முகம் வெயிலில் சிவந்து கறுத்திருந்தது. பாறையில் ஏறியபோது கிளிஞ்சல் கீறி முழங்காலில் ரத்தம் கசிந்தது.

வேன்காரர் முதலில் தன் வேலையைப் பார்த்தார். நிழலுக்கு நகர்த்தினார். உப்பும் சர்க்கரையும் தண்ணீரில் கரைத்து, "மடமடன்னு வேணாம், கொஞ்சம் கொஞ்சமா" என்று கொடுத்தார். ஈரத் துண்டைப் பிழிந்து கழுத்தில் சுற்றினார். முழங்காலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஒட்டியிருந்த மணலை எடுத்து, மருந்து போட்டுக் கட்டினார். சம்பந்தி பிள்ளை மாதிரிக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கட்டு முடிந்தது. இனித் தள்ளிப்போட முடியாது. "சம்பந்தி" என்று ஆரம்பித்தார் வேன்காரர். "அது வந்து... பசங்களோடயே இருந்து இருந்து... வாய் தவறி... மன்னிச்சுக்..."

"எங்கப்பா போனதுக்கு அப்புறம் என்னை யாரும் டா போட்டுக் கூப்பிட்டதில்ல" என்றார் சம்பந்தி.

மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"கடையில முதலாளி. வீட்டுல அப்பா. வெளியில அண்ணாச்சி, சார். நான் என்ன சொன்னாலும் எல்லாரும் சரிம்பாங்க. நீங்களும் இத்தனை நாளா சரிங்க சரிங்கன்னுதானே சொல்லிட்டிருந்தீங்க?" முழங்காலில் இருந்த கட்டைத் தடவிப் பார்த்தார். "இன்னிக்கும் சரிங்க சம்பந்தின்னு சொல்லியிருந்தா நான் இந்நேரம் எங்க மிதந்துட்டிருப்பேனோ?" சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சின்னதாக, பிறகு வயிறு குலுங்க. "காலை ஒடிச்சுடுவேன்னாரே! கேட்டியா நீ? காலை ஒடிச்சுடுவாராம்!"

"நல்லா ஒடிக்கட்டும்" என்றார் சம்பந்தியம்மா. "நான் சொன்னா கேட்டீங்களா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து யாராவது இப்படி ஒரு சத்தம் போட மாட்டாங்களான்னு இருந்தேன்."

அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாப்பிள்ளை மணலில் புரண்டார். கிரீமை நீட்டியபோது சம்பந்தி மறுபேச்சு இல்லாமல் மூக்கைக் காட்டினார்.

வெயில் தாழ்ந்ததும் சம்பந்தி எழுந்து, "இப்ப என் முறை. நீங்க தண்ணியில இறங்கணும்" என்றார்.

"ஐயோ, எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

"தெரியாதவங்களுக்குத்தானே சட்டை? கொக்கியை நானே மாட்டறேன், வாங்க."

படகு நின்ற பக்கம் தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. படகுக்காரம்மாவிடம் கேட்டார்கள். "இடுப்பளவு தண்ணி வரைக்கும் போங்க. நான் பார்த்துட்டிருக்கேன்" என்றார். சம்பந்தி ஒரு கொக்கிக்கு இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். வேன்காரர் முதலில் விரலை நனைத்தார், பிறகு காலை, பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முதுகைச் சாய்த்தார். மிதவைச் சட்டை அவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது. காதுக்குள் தண்ணீர் புகுந்ததும் உலகத்துச் சத்தமெல்லாம் அடங்கியது. மேலே வானம் மட்டும். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, எடுத்துக்கொடுக்க ஒன்றுமில்லை, யாருக்கும் ஜாக்கிரதை சொல்ல வேண்டியதில்லை. தோளுக்குக் கீழே சம்பந்தியின் பெரிய கை இருந்தது. வேன்காரர் காரணமே இல்லாமல் சிரித்தார். கரையில் நின்ற மனைவி, "பாருடி உங்கப்பாவை!" என்று மகளை இடித்தாள்.

துறைக்குத் திரும்பியபோது டிக்கெட் கொடுக்கிறவர் அந்த மடக்கு நாற்காலியில், அந்தப் பெரிய குடையின் கீழ் ராஜா மாதிரி சாய்ந்திருந்தார். "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருக்கலாம்ல?" என்று அலுத்துக்கொண்டே எழுந்தார்.

டவுன் பஸ்ஸில் பெரிய பையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, வேன்காரரும் சம்பந்தியும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். அடுத்த தரம் மலைக்குப் போகலாமா, அங்கே குளிருமா என்று சம்பந்தி பேசிக்கொண்டே வந்தார். பேச்சு நடுவில் நின்றது. திரும்பிப் பார்த்தால், உப்புப் படிந்த பெரிய தலை இவர் தோளில் விழுந்து கிடந்தது. லேசான குறட்டை. சம்பந்தி வீட்டாருக்கு இன்னும் தூரம் இருந்தது. இவர்கள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

முன் சீட்டிலிருந்து மனைவி திரும்பினாள். "ஏங்க, நம்ம ஸ்டாப்பு! எழுந்திரிங்க."

வேன்காரர் உதட்டில் விரலை வைத்தார். பஸ் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், மறுபடி கிளம்பியது. அவர் தோளை அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இருக்கட்டும்" என்றார் ரகசியக் குரலில். "எங்கயாவது இறங்கி நடந்துக்கலாம்."